சாரல் கணக்கு

இலஞ்சி ரோட்டில் மூன்றாம் மாடி.
தரையில் நம் பங்கு முக்கால் சென்ட்கூட இல்லை,
எங்கே இருக்கிறது என்றும் தெரியாது.
பத்திரத்தில் அதற்குப் பிரிபடாத பாகம் என்று பேர்.

வீடு பார்க்கப் போன அன்று
புரோக்கர் ஆவுடையப்பன் அண்ணாச்சி
ஜன்னலைத் திறந்து மலையைக் காட்டினார்,
தன் கடைச் சரக்கைப் போல.
"மூணு மாசம் சீசன். மிச்ச ஒம்பது மாசம்
சும்மா இருந்தாலே போதும் தங்கச்சி."

சும்மா இருந்தால்
தவணையும் சும்மா இருக்குமா என்று
நான் கேட்கவில்லை மச்சான்.
ரியாத்தில் நீங்கள் படுக்கிற அறைக்கு
ஜன்னலே கிடையாது என்று
ஒரு பெருநாள் ராத்திரி சொன்னீர்கள்.
அதை நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

ஆனி பிறந்து ஏழாம் நாள் காற்றுத் திரும்பியது.
முதல் சாரலுக்கே நம் கட்டிலை வாடகைக்கு விட்டேன்,
ராத்திரிக்கு இரண்டாயிரத்து இருநூறு.
நானும் ரிபாயாவும் மொட்டை மாடியில்
தண்ணீர்த் தொட்டிக்கு அடியில்
தகரத்தை மறைப்பாக வைத்துப் படுத்தோம்.
விருதுநகர்க் குடும்பம்.
எட்டுப் பேர் என்று போனில் சொல்லிப்
பதினான்கு பேராக இறங்கினார்கள்.
மசாஜ் எண்ணெய் முதுகோடு
யாரோ சாய்ந்த தடம்
ஹால் சுவரில் இன்னும் இருக்கிறது,
பெரிய மீன் ஒன்றை நட்டு வைத்த மாதிரி.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள்.
அருவி பார்க்க வந்தவர்களுக்கு
லாரித் தண்ணீர் வாங்குகிறேன்.
ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து
சோப்புப் போட்டு மறுபடி குளிக்கிறார்கள்.
சங்கிலிபூதத்தான் லாரியைப் பின்பக்கமாக ஏற்றி
"ஊரே நனையுது, ஒங்க தொட்டிக்கு மட்டும்
சித்திரை மாசமாக்கா" என்கிறான்.
லோடு எண்ணூறு. பேரம் கிடையாது.

ஆடியில் அபாயச் சங்கு ஊதினார்கள்.
நான்கு நாள் யாரையும் குளிக்க விடவில்லை.
ரம்புட்டான் கூடைகள் நடைபாதையில் கறுத்தன.
அட்வான்ஸைத் திருப்பி அனுப்பச் சொல்லி
ஒரே காலையில் ஆறு போன்.
மழை இல்லையென்றால் ஆள் வராது.
மிஞ்சினால் ஆளை விட மாட்டார்கள்.
நடுவில் ஏதோ ஓர் அளவு இருக்கிறது மச்சான்,
அந்த அளவு மழையை நம்பித்தான்
வங்கி நமக்குக் கடன் தந்திருக்கிறது.

கட்டிடத்தில் மொத்தம் இருபத்து நாலு கதவு.
மதுரை டாக்டருடையது இரண்டு.
தூத்துக்குடி உப்பள முதலாளி
வாங்கினதோடு சரி, சாவியைக்கூட வந்து வாங்கவில்லை.
புரட்டாசியில் எரிவது மூன்றே விளக்கு.
லிஃப்ட் மோட்டார் எரிந்ததற்குக் கூட்டம் போட்டார்கள்.
நானும் வாட்ச்மேனும்தான் போனோம்.
அப்படித்தான் செயலாளர் ஆனேன்.
குரங்கு பிடுங்கின கேபிள், பி பிளாக்கின் மூத்திரக் குழாய்,
எல்லாவற்றுக்கும் என் நம்பர்.
மற்றவர்களுக்கு இது முதலீடு.
இங்கே குடியிருக்கிறவள் என்பதால்
எனக்கு வேலை.

கார்த்திகையில் சாமிமார் வந்தார்கள்.
கட்டில் வேண்டாம், தரை போதும் என்று
ஹாலில் வரிசையாகப் படுத்தார்கள்.
ஒருவர் போகும்போது தரையைத் துடைத்துவிட்டுப் போனார்.
இந்த ஒன்றரை வருஷத்தில் அவர் ஒருத்தர்தான்.

நேற்று நீங்கள் கேட்டீர்களே,
நாலு லட்சம் கூடியிருக்காமே, வித்துருவோமா என்று.
வீடியோவில் அருவியைக் காட்டச் சொன்னீர்கள்.
போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன்.
லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டீர்கள்.
லைன் நன்றாகத்தான் இருந்தது.
நீங்கள் பார்த்த அந்தச் சாம்பல் நிறம்
எதிர் பிளாட்டின் நான்காவது தளம்.

இன்று காலை அங்கே, பூசாத ஜன்னலில்
வெள்ளைச் சட்டை அசைந்தது.
பக்கத்தில் புதுசாய் ஒரு தம்பதி.
ஆவுடையப்பன் அண்ணாச்சி
அவர்களுக்கு மலையைக் காட்டிக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்த்ததும் கை அசைத்தார்.
நானும் அசைத்தேன்,
கையில் முந்தின ராத்திரி விரிப்பு,
இன்னும் பிழியாதது.